எடை மெஷினோடு அளவு நாடாவும்

கடலூரில் நான் வேலை பார்க்கும் பள்ளியில், உடம்பைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் யாராவது ஒருவர் எடுத்துவிடும் கணக்கு ஒன்று உண்டு: "உயரத்துல நூறைக் கழிங்க டீச்சர், அதுதான் இருக்க வேண்டிய எடை." என் உயரம் 154 சென்டிமீட்டர், எடை அப்போது 54 கிலோ. கணக்குக்கு அச்சுப் பிசகாமல் பொருந்திய உடம்பு என்று மற்ற ஆசிரியைகள் என்னைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்த அதே பருவத்தில், புதுச்சேரியில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 112 என்றும், மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. 6.1 என்றும் வந்தன. சர்க்கரை நோய் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அதன் வாசற்படியில் நிற்கும் அளவு. எடை சரி, சர்க்கரை சரியில்லை என்றால், 'சரி' என்று எதை வைத்துச் சொன்னோம் என்ற கேள்வி எழத்தானே செய்யும்? அதற்கு விடை தேடியதில் நான் தெரிந்துகொண்டவற்றை, என் வீட்டு மனிதர்களின் அளவுகளையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

நூறைக் கழிக்கும் கணக்கு, 19ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு அறுவை மருத்துவர் பால் புரோக்காவின் பெயரில் வழங்குவது. பிரெஞ்சுக்காரர் என்றதும் "பாண்டிச்சேரி வழியா வந்ததா?" என்று என் கணவர் கேட்டார், அப்படியெல்லாம் இல்லை, உலகம் முழுக்கப் புழங்கிய கணக்குதான். அதன் குறை, உயரம் ஒரு சென்டிமீட்டர் கூடினால் எடையும் ஒரு கிலோ கூடலாம் என்று நேர்கோடு போட்டுவிடுவதில் இருக்கிறது. வளர்ந்த மனிதரின் எடை அப்படி ஏறுவதில்லை. ஏறத்தாழ உயரத்தின் வர்க்கத்தை ஒட்டி ஏறுகிறது என்பதை 1830களில் கவனித்துச் சொன்னவர் பெல்ஜியத்தைச் சேர்ந்த அடால்ஃப் கெட்லே. அவர் மருத்துவர் அல்லர். வானியலும் புள்ளியியலும் கற்றவர். 'சராசரி மனிதன்' எப்படி இருப்பான் என்பதை எண்களில் பிடிக்க முயன்றவரே தவிர, யார் குண்டு, யார் ஒல்லி என்று தீர்ப்பளிக்க அவர் அதைக் கண்டுபிடிக்கவில்லை. அந்த வாய்ப்பாட்டைத் தேடி எடுத்து, 1972இல் அதற்கு 'பாடி மாஸ் இண்டெக்ஸ்' என்று பெயர் சூட்டியவர் அமெரிக்க ஆய்வாளர் ஆன்செல் கீஸ். அவருடைய ஆய்வில் ஐந்து நாடுகளைச் சேர்ந்த ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் அளக்கப்பட்டனர். அத்தனை பேரும் ஆண்கள். இன்று என்னைப் போன்ற ஒரு பெண்ணின் சீட்டில் அந்த எண் எழுதப்படும்போது இந்தப் பிறப்புக் கதையையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது.

கணக்கு எளியது. கைப்பேசியின் கால்குலேட்டரில் எடையைக் கிலோவில் இட்டு, அதை மீட்டரிலுள்ள உயரத்தால் இருமுறை வகுத்தால் போதும். எனக்கு 54 ÷ 1.54 ÷ 1.54, விடை 22.8. இந்த எண்ணைத்தான் பி.எம்.ஐ. என்றும், பாடநூல்களில் உடல் நிறை குறியெண் என்றும் சொல்கிறோம். உலக சுகாதார நிறுவனத்தின் பொது அட்டவணைப்படி 18.5க்குக் கீழே இருந்தால் எடை குறைவு, 18.5 முதல் 24.9 வரை இயல்பு. 25 முதல் மிகை எடை. 30 முதல் உடற்பருமன். சுவரில் ஒட்டியிருக்கும் வண்ணப் படங்களில் பெரும்பாலும் இந்த அட்டவணைதான் இருக்கும். ஆனால் ஆசிய மக்களுக்கு அதைவிடக் குறைந்த எடையிலேயே சர்க்கரையும் இதய நோயும் தலைகாட்டுகின்றன என்று கண்டு, 23ஐயும் 27.5ஐயும் கவனிக்க வேண்டிய புள்ளிகளாக அந்நிறுவனத்தின் வல்லுநர் குழு 2004இலேயே குறித்தது. இந்திய மருத்துவர்கள் 2009இல் கூடி வகுத்த ஒருமித்த கருத்தின்படி, நமக்கு 23 முதல் மிகை எடை, 25 முதல் உடற்பருமன். ஆகவே, "பி.எம்.ஐ. 24 தான், நார்மல்" என்று எவரேனும் ஆறுதல் சொன்னால், எந்த அட்டவணைப்படி என்று கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நம் அளவுகோலின்படி 18.5க்கும் 22.9க்கும் நடுவே இருக்க வேண்டுமானால், 150 சென்டிமீட்டர் உயரமுள்ளவர் ஏறத்தாழ 42 முதல் 51 கிலோ வரை இருக்கலாம். 155க்கு 44 முதல் 55. 160க்கு 47 முதல் 58. 165க்கு 50 முதல் 62. 170க்கு 54 முதல் 66. 175க்கு 57 முதல் 70. இந்த எண்களோடு நூறைக் கழிக்கும் கணக்கை ஒப்பிட்டுப் பார்த்தபோதுதான் ஒன்று எனக்கு விளங்கியது. 150 உயரத்துக்கு 50 கிலோ என்றால் பி.எம்.ஐ. 22.2, அதில் குற்றமில்லை. 160க்கு 60 என்றால் 23.4, எல்லையைத் தாண்டிவிட்டது. 170க்கு 70 என்றால் 24.2. அதாவது, 156 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட உயரமுள்ள எந்த இந்தியரும், நூறைக் கழித்து வரும் எடையில் இருந்தாலே மிகை எடைக் கட்டத்துக்குள் நுழைந்துவிடுகிறார். நம் ஆண்களில் பெரும்பாலோர் இந்த உயரத்துக்கு மேற்பட்டவர்களே. அவர்களைப் பொறுத்தவரை இது கொஞ்சம் தாராளமான கணக்கு.

என் விஷயத்துக்கு வருகிறேன். 22.8 என்பது இந்திய எல்லைக்கும் உட்பட்ட எண்தான். புதுச்சேரியில் என்னைப் பார்த்த மருத்துவர், வயதில் என்னைவிட இளைய பெண், எடையையும் உயரத்தையும் குறித்துவிட்டு மேசை இழுப்பறையிலிருந்து ஓர் அளவு நாடாவை எடுத்தார். "எழுந்து நில்லுங்கம்மா, வயித்தளவு பார்க்கணும்" என்றார். நாடாவைச் சுற்றும்போது நான் அறியாமலே வயிற்றை எக்கிக்கொண்டேன் போலும். "இழுத்துப் பிடிக்காதீங்க, சாதாரணமா மூச்சு விடுங்க, விட்டதும் அப்படியே இருங்க" என்று சொல்லி, மறுபடி அளந்து, 87 என்று எழுதினார். இந்தியப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்கும், ஆண்களுக்கு 90க்கும் மேற்போனால் வயிற்றுப் பருமன் என்று 2009ஆம் ஆண்டின் அதே கருத்தொருமிப்பு சொல்கிறது. இன்னொரு சுலபமான சோதனையும் உண்டு: வயிற்றுச் சுற்றளவு, உயரத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. என் உயரத்தில் பாதி 77. பத்து சென்டிமீட்டர் மிகுதி. கைகால் மெலிந்து, எடை அளவோடு இருந்து, கொழுப்பு முழுவதும் நடுவயிற்றில் சேர்ந்திருந்த உடம்பு என்னுடையது என்பது அந்த நாடாவில்தான் தெரிந்தது.

இது என் ஒருத்தியின் கோளாறு அன்று. புனேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக், 'மெலிந்த தோற்றம், மிகுந்த கொழுப்பு' என்ற இந்திய உடல்வாகைப் பற்றிப் பல ஆண்டுகளாக ஆராய்ந்தவர். 2004இல் அவரும் பிரிட்டனைச் சேர்ந்த ஆய்வாளர் ஜான் யுட்கினும் சேர்ந்து நிற்கும் ஒரு படம் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்தது. இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3, கடுகளவும் வேறுபாடில்லை. உடற்கொழுப்போ யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2 விழுக்காடு. பி.எம்.ஐ. எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து இல்லை. எடை மெஷினுக்குத் தசையும் கொழுப்பும் நீரும் ஒன்றுதான். அதிலும், தோலுக்கு அடியில் படியும் கொழுப்பைவிட, குடலையும் கல்லீரலையும் சூழ்ந்து வயிற்றுக்குள் படியும் கொழுப்பே தொல்லை மிகுந்தது. அங்கிருந்து கரையும் கொழுப்பமிலம் நேரே கல்லீரலுக்குப் போவதால், இன்சுலின் தன் வேலையைச் செய்ய முடியாமல் திணறுகிறது என்று மருத்துவர் எனக்கு விளக்கினார்.

வயிற்றை அளப்பது எளிது என்று நினைத்திருந்தேன். எங்கள் தெருப் பெண்கள் சிலருக்கு அளந்து கொடுத்த பிறகுதான் அதிலுள்ள சிக்கல்கள் தெரிந்தன. பக்கவாட்டில் விலாவின் கடைசி எலும்பை விரலால் தொட்டு உணர வேண்டும். அதன் நேர் கீழே இடுப்பெலும்பின் மேல் விளிம்பையும் அழுத்திக் கண்டுபிடிக்க வேண்டும். இரண்டுக்கும் நடுப்புள்ளியில் நாடா சுற்றிவர வேண்டும். பலருக்கு அது தொப்புளை ஒட்டியோ சற்று மேலேயோ அமையும். சேலை கட்டுகிற நமக்குப் பாவாடை நாடா அழுத்திய தழும்பு ஒன்று நிரந்தரமாக இருக்கும். கை தானாக அந்தத் தழும்புக்குத்தான் போகும். அது பெரும்பாலும் தொப்பைக்குக் கீழே இறங்கிய இடம். அங்கே அளந்தாலும் தவறு, கொசுவத்தின் மேலே நாடாவைச் சுற்றினாலும் தவறு. சேலையைத் தளர்த்திவிட்டு, வெறும் வயிற்றின் மேல், முதுகுப்பக்கம் நாடா சரிந்துவிடாமல் தரைக்கு இணையாக இருக்கிறதா என்று கண்ணாடியில் பார்த்து, மூச்சை இயல்பாக வெளியே விட்டு முடிக்கும் கணத்தில் படிக்க வேண்டும். நாடா தோலைத் தொட வேண்டும், அழுத்தக் கூடாது. தையல் மெஷின் இழுப்பறையில் பல காலம் கிடந்த துணி நாடா இழுபட்டு நீண்டிருக்கும். அதை ஓர் இரும்பு ஸ்கேலோடு வைத்துச் சரிபார்த்துவிட்டுப் பயன்படுத்துவது நல்லது.

ஆண்களிடம் வேறொரு தடை. "எனக்கு முப்பத்துநாலு தான்" என்று என் கணவர் அடித்துச் சொன்னார். அது பேன்ட் அளவு. பேன்ட் தொப்பைக்குக் கீழே இறங்கி நிற்கிறது. 34 அங்குலம் என்பது 86 சென்டிமீட்டர்தான். முறைப்படி அளந்தபோது 97 வந்தது, அதாவது 38 அங்குலத்துக்கும் மேலே. அவருடைய உயரம் 168, எடை 66 கிலோ, பி.எம்.ஐ. 23.4. எடை மெஷின் சற்றே முணுமுணுத்ததை நாடா உரக்கச் சொல்லிவிட்டது. இரண்டு நாள் அவர் அந்த நாடாவின் பக்கமே வரவில்லை என்பதையும் பதிவு செய்துவிடுகிறேன்.

உயரம், எடை இரண்டையும் பற்றி எனக்குச் சொல்லக் கொஞ்சம் தகுதி உண்டு. பள்ளியில் மாணவர்களின் உடல்நலப் பதிவேட்டை எழுதும் பொறுப்பு பல ஆண்டுகளாக என்னிடம் இருக்கிறது. உயரத்தில் நேரும் பிழை, கணக்கில் இரண்டு முறை வகுக்கப்படுவதால், இரட்டிப்பாகும். ஐந்தடி இரண்டங்குலம் என்பது 157.5 சென்டிமீட்டர், அதை முழுசாக 160 என்று எழுதிக்கொள்பவர்கள் நிறைய. 60 கிலோ உள்ள ஒருவருக்கு முதலதில் 24.2, இரண்டாவதில் 23.4. அளக்கும்போது செருப்பு, ஷூ இரண்டும் கழற்றியிருக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும், மறந்துபோவது தலைமுடி. உச்சியில் தூக்கிக் கட்டிய கொண்டையும், ரிப்பன் வைத்து மடித்துக் கட்டிய இரட்டைப் பின்னலும், பின்னந்தலையைச் சுவரில் படியவிடாத மல்லிகைச் சரமும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் பிழையை எளிதாக உண்டாக்கும். குதிகால், பிட்டம், தோள்பட்டை மூன்றும் சுவரைத் தொட, பார்வை நேராக இருக்க, தலைமேல் கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைச் சுவரோடு செங்கோணமாக வைத்து அழுத்தி, அதன் அடிவிளிம்பில் பென்சில் கோடு போட வேண்டும். சுவரின் அடியில் டைல்ஸ் பட்டை நீட்டிக்கொண்டிருந்தால் அந்தச் சுவர் உதவாது. குதிகால் முன்னே தள்ளி நிற்கும். காலையில் அளந்ததைவிட மாலையில் ஒரு சென்டிமீட்டரோ அதற்குச் சற்று மேலோ குறைவது இயற்கை. நாள் முழுக்க நின்று நடப்பதில் முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டுகள் அமுங்குகின்றன.

எடை பார்க்கும் மெஷினைப் பாய் மீதோ கால்மிதி மீதோ வைக்காமல் கெட்டித் தரையில் வைக்க வேண்டும். நம்பகமானதா என்று பார்க்க நான் கண்ட வழி, பிரிக்காத 10 கிலோ அரிசிப் பையைத் தூக்கிக்கொண்டு ஒருமுறை, வெறுங்கையோடு ஒருமுறை ஏறிப் பார்ப்பது; வித்தியாசம் பத்தை ஒட்டி வந்தால் வைத்துக்கொள்ளலாம். காலையில் கழிவறைக்குப் போய்வந்த பின், காப்பிக்கு முன், ஒரே வகை உடையில், வாரத்துக்கு ஒருமுறை போதும். முதல் நாள் இரவு கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டிருந்தால், உப்பு பிடித்து வைக்கும் நீரால் மறுநாள் ஒரு கிலோ வரைகூட ஏறித் தெரியும். மாதவிலக்கை ஒட்டிய நாள்களிலும் அப்படித்தான். அதைப் பார்த்துப் பட்டினி கிடப்பதில் பொருளில்லை. பேருந்து நிலையங்களில் காசு போட்டுப் பார்க்கும் மெஷின், கையில் பை, பாக்கெட்டில் சாவி, காலில் செருப்பு எல்லாவற்றையும் சேர்த்துத்தான் சொல்கிறது.

பி.எம்.ஐ. பொய் சொல்லும் இன்னொரு திசையும் இருக்கிறது. என் கொழுந்தனார் கடலூர் துறைமுகத்தில் மீன் பெட்டி தூக்கும் வேலை செய்கிறார். உயரம் 165, எடை 72, பி.எம்.ஐ. 26.4. இந்திய அட்டவணைப்படி அவர் உடற்பருமன் உள்ளவர். ஆனால் வயிறு 81 சென்டிமீட்டர், உயரத்தில் பாதிக்கும் கீழே. ரத்த அழுத்தமும் சர்க்கரையும் கொழுப்பும் இயல்பாக இருந்தன. ஐஸோடு கூடிய பெட்டிகளை விடியற்காலை முதல் ஏற்றி இறக்கும் தோள்களின் தசைதான் அந்த எடை. இந்த விதிவிலக்கை எங்கள் உறவினர் பலர் தங்களுக்கும் சொந்தமாக்கிக்கொண்டார்கள் என்பதுதான் வேடிக்கை. "எனக்கு எலும்பு கனம்" என்பது அவர்களின் வாதம். மனித எடையில் எலும்புகளின் பங்கு ஏறத்தாழ ஏழில் ஒன்றுதான். ஒருவருக்கு எலும்பு எவ்வளவு திடமாக இருந்தாலும் சில கிலோவுக்கு மேல் அதன் தலையில் சுமத்த முடியாது. நாற்காலியில் அமர்ந்து வேலை பார்க்கும் ஒருவருக்கு 26 வந்தால், அது கொழுப்பு என்றே எடுத்துக்கொண்டு நாடாவை எடுப்பது பொருத்தம்.

வயதானவர்களின் கணக்கு வேறு. என் மாமனாருக்கு 76 வயது. இளமையில் 170 சென்டிமீட்டர் இருந்தவர் இப்போது 164. முதுகெலும்பு குறுகி, கூன் விழுந்திருக்கிறது. 58 கிலோ எடைக்கு, பழைய உயரத்தில் 20.1, புதிய உயரத்தில் 21.6. இரண்டுமே இயல்பு என்று அட்டவணை சொல்லிவிடும். ஆனால் அரை ஆண்டுக்கு முன்பு அவர் 62 கிலோ இருந்தார். முயற்சி இல்லாமல் ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் எடையில் 5 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தால், அட்டவணையில் எங்கே நின்றாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்பது விதி. காட்டியதில் பெரிய நோய் ஒன்றும் இல்லை. பல்செட் ஈறில் உரசிப் புண்ணாகியிருந்ததால் மெல்ல முடியாமல் கஞ்சியும் ரசஞ்சாதமுமாக ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறார். "சொன்னா உங்களுக்குத் தொந்தரவும்மா" என்றார். பல்செட்டைச் சரிசெய்த பின் மீனும் முட்டையும் மறுபடி தட்டுக்கு வந்தன. முதியவர்களுக்குத் தொப்பையைப் போலவே கெண்டைக்காலையும் பார்க்க வேண்டும் என்று அப்போது கற்றுக்கொண்டேன்: அதன் பருத்த இடத்தில் சுற்றளவு 31 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் தசை கரைகிறது என்று பொருள். காலில் வீக்கம் உள்ளவர்களுக்கு எடையும் கெண்டைக்காலும் இரண்டுமே ஏமாற்றும். அங்கே ஏறுவது நீர்.

பிள்ளைகளுக்குப் பெரியவர்களின் அட்டவணையைப் போட்டுப் பார்க்கவே கூடாது. பெற்றோர் கூட்டத்தில் ஒரு தாய், தன் ஆறு வயது மகனுக்குக் கைப்பேசியில் கணக்குப் போட்டு, "இருபது வருது மிஸ், நார்மல் தானே?" என்று நிம்மதியாகக் கேட்டார். பெரியவருக்கு 20 நல்ல எண்; ஆறு வயதுக்கு அது உடற்பருமன். அதே வகுப்பில் 14 இருக்கும் பிள்ளையைப் பார்த்து நோஞ்சான் என்று பதறுவதும் தேவையற்றது. அந்த வயதில் 14 இயல்பின் எல்லைக்குள்தான் வரும். ஐந்து வயது வரை உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி வரைபடமும், ஐந்து முதல் பதினெட்டு வரை இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2015இல் வெளியிட்ட வரைபடமும் இருக்கின்றன. வயதையும் ஆண், பெண் வேறுபாட்டையும் வைத்துப் படிக்க வேண்டியவை. ஒரு முறை அளந்த புள்ளியைவிட, புள்ளிகளை இணைக்கும் கோடு எந்தப் பக்கம் வளைகிறது என்பதே குழந்தை மருத்துவர் பார்ப்பது. கருவுற்ற பெண்களுக்கும் இந்தக் கணக்கு செல்லாது. கருத்தரிப்பதற்கு முன்பிருந்த எடையை வைத்தே எவ்வளவு ஏறலாம் என்று முடிவு செய்வார்கள்.

எங்கள் ஊர் மைதானத்தில் காலை நடைக்கு வருபவர்களைப் பிடித்து, கைப்பிடி உள்ள ஒரு கருவியைக் கொடுத்து, 'உடல் வயது 58' என்று சீட்டு எழுதித் தந்து, கூடவே ஒரு டப்பா சத்துமாவையும் நீட்டும் கூட்டத்தை நீங்களும் பார்த்திருக்கலாம். அந்தக் கருவிகள் உடம்பில் மிக மெல்லிய மின்சாரத்தைச் செலுத்தி, அது சந்திக்கும் தடையைக் கொண்டு கொழுப்பின் அளவைக் கணிக்கின்றன. தண்ணீர் குடித்ததற்கும், வியர்த்ததற்கும், சாப்பிட்டதற்கும் ஏற்ப எண் மாறும். ஒரே கருவியில், ஒரே நேரத்தில், மாதக்கணக்கில் பார்த்துவந்தால் போக்கு தெரியலாம்; ஒரு முறை பார்த்த எண்ணை நம்பி ஆயிரக்கணக்கில் மாவு வாங்குவதற்கு அதில் எதுவுமில்லை. இதயத்துக்குப் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் அந்தக் கைப்பிடியைத் தொடவே கூடாது. பத்து ரூபாய் நாடா தருவதைவிடப் பயனுள்ள செய்தி எதையும் அந்தச் சீட்டுகளில் நான் இதுவரை பார்க்கவில்லை.

நான் என்ன செய்தேன் என்பது சுருக்கமானது. பள்ளியில் குடித்துவந்த சர்க்கரை போட்ட டீ இரண்டும் நின்றன. இரவுச் சோற்றைப் பாதியாக்கி மீனையும் சுண்டலையும் காயையும் கூட்டினேன். மாலையில் தேவனாம்பட்டினம் கடற்கரைப் பக்கம் வேகமாக நடக்கிறேன். வீட்டில் தண்ணீர் பாட்டில்களைத் தூக்கிச் சிறு தசைப்பயிற்சியும் உண்டு. ஓராண்டுக்குள் எடை 51.5 ஆயிற்று, வெறும் இரண்டரை கிலோ குறைவு. பார்ப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. வயிறு 87இலிருந்து 82 ஆயிற்று. எச்.பி.ஏ.1.சி. 5.8. எடையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் நடுவில் சலித்து விட்டிருப்பேன். எடை அசையாமல் நின்ற மாதங்களிலும் நாடா ஒரு சென்டிமீட்டர், அரை சென்டிமீட்டர் என்று இறங்கிக்கொண்டுதான் இருந்தது.

எங்கள் பகுதி மக்களுக்கு இது அவசரமான விஷயம் என்பதைச் சொல்ல எண்களே போதும். 2019–21 காலத்துத் தேசியக் குடும்ப நல ஆய்வில், 25ஐ எல்லையாக வைத்துப் பார்த்தபோதே, தமிழ்நாட்டுப் பெண்களில் 40 விழுக்காட்டினரும் புதுச்சேரிப் பெண்களில் 46 விழுக்காட்டினரும் அதைத் தாண்டியிருந்தார்கள். 23ஐ வைத்திருந்தால் எங்கே போயிருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய சர்க்கரை நோய் ஆய்வு 2023இல் வெளியானபோது, கோவாவுக்கு அடுத்தபடியாகப் புதுச்சேரியில்தான் பாதிப்பு மிகுதி என்று தெரிந்தது. வயது வந்தோரில் 26.3 விழுக்காடு. பி.எம்.ஐ.யை மட்டும் வைத்து உடற்பருமனை முடிவு செய்யாமல் வயிற்றளவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று 2025 ஜனவரியில் 'லான்செட்' இதழ்க் குழுமத்தின் வல்லுநர் குழுவும் சொல்லியிருக்கிறது.

பி.எம்.ஐ. இயல்பாக உள்ளவர்கள் ரத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டுமா என்று என்னிடம் கேட்பவர்களுக்கு, சென்னை மருத்துவர் மோகனின் குழு 2005இல் வகுத்த இந்திய நீரிழிவு அபாய மதிப்பெண்ணைப் போட்டுக் காட்டுகிறேன். அதில் எடையே இல்லை என்பதைக் கவனியுங்கள். வயது 35க்குக் கீழ் என்றால் 0, 35 முதல் 49 வரை 20, ஐம்பதும் அதற்கு மேலும் 30. பெண்ணின் வயிற்றளவு 80 சென்டிமீட்டருக்குக் கீழ் 0, 80 முதல் 89 வரை 10, அதற்கு மேல் 20. ஆணுக்கு அதே படிகள் 90இலும் 100இலும். உடற்பயிற்சியும் கடும் உழைப்பும் இரண்டும் இருந்தால் 0, ஏதேனும் ஒன்று இருந்தால் 20, இரண்டும் இல்லையென்றால் 30. பெற்றோரில் ஒருவருக்குச் சர்க்கரை இருந்தால் 10, இருவருக்கும் இருந்தால் 20. கூட்டுத்தொகை 60ஐத் தொட்டால் பரிசோதனை அவசியம். என் அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு; 47 வயதில், நடை தொடங்குவதற்கு முன்பு என் மதிப்பெண் 70. இப்போது 60. ஐம்பதைத் தொடும்போது வயதின் பேரில் 10 கூடும். அதை ஈடுகட்ட என் கையில் மிச்சமிருப்பது 82க்கும் 80க்கும் நடுவிலுள்ள அந்த இரண்டு சென்டிமீட்டரைக் கடந்து இன்னும் சற்றுக் கீழே இறங்குவதுதான். அதுவரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் கொடுக்கச் சொல்லியிருக்கிறார் மருத்துவர்.